லூர்து மேரி டீச்சர் மீது புகார்

“அந்த டீச்சரை வச்சிக்கிட்டு எங்களால மாரடிக்க முடியலைய்யா!”

பிச்சையா சொன்ன வேகத்தில் மேஜைமேல் இருந்த மைக்கூடு ஆடியது. அவர் தாராவித் தோல் பட்டறையில் மேஸ்திரி. அங்குள்ள தமிழ்ப் பள்ளியின் பெற்றோர் கமிட்டிக்குத் தலைவர். பின்னால் கமிட்டி உறுப்பினர்கள் இரண்டு பேர் நின்றார்கள். ஒருத்தி இட்லிக்கடை சண்முகவடிவு. மற்றவர் தோல் கிடங்கு வைத்திருக்கும் சலாவுதீன்.

மேஜைக்கு அந்தப் பக்கம் வானமாமலை. தாராவி, செம்பூர், மாட்டுங்கா என்று மூன்று தமிழ்ப் பள்ளிகளை நடத்தும் கல்வி போர்டின் செக்ரட்டரி. ரயில்வேயில் ஹெட்கிளார்க்காக இருந்து ரிட்டயரானவர். மாட்டுங்கா ஆபீஸில் இருந்த ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே தன் நாற்காலியைப் போட்டிருந்தார். போர்டின் காற்று அவரைத் தாண்டி யாருக்கும் வராது.

“யாரு, லூர்து மேரியா? ஸ்கூல் இன்ஸ்பெக்டர் அவளைப் பத்தி ஓஹோன்னு எழுதியிருக்காரே!”

“இன்ஸ்பெக்டர் வருசத்துக்கு ஒரு நா வாராரு. நாங்க தெனமும்லா அவகிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கோம்!” பிச்சையா ஒரு விரலை மடக்கினார். “ஒண்ணு. லேசா தண்ணியப் போட்டுட்டுப் பிள்ளையக் கூப்பிடப் போனா, பெத்த தகப்பன்னும் பாக்காம பெஞ்சு மேல ஏத்தி நிப்பாட்டுதா.”

“யாரை நிப்பாட்டினா?”

“என்னையத்தான். ஒரு மணி நேரம்.”

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்த ஊரில் இதை எப்படிக் குறித்துக்கொள்வது என்று தெரியாமல் வானமாமலை பேனாவை மூடினார்.

“ரெண்டு,” என்றாள் சண்முகவடிவு. “குழாயில தண்ணி பிடிக்க நின்ன எம் மவளைக் குடத்தோட இழுத்துட்டுப் போயி கிளாஸ்ல உக்கார வச்சிட்டா. மாவாட்டத் தண்ணியில்லாம அன்னைக்கு யாவாரமே படுத்துட்டு.”

சலாவுதீன் முன்னால் வந்தார். “மூணு. பள்ளிக்கூடம் ஒழுகுதுன்னு அறுபது பிள்ளைகளையும் என் கிடங்குக்குள்ள கொண்டாந்து இறக்கிட்டாங்க, சாப். நாலு நாள் பாடம். இப்ப என் ஆளுக தோலைத் தூக்கச் சொன்னா ஏழாம் வாய்ப்பாடு சொல்லுதானுக!”

“நாலு,” என்றார் பிச்சையா. “வீட்டுல நிம்மதியாப் பேச முடியலை. வெளிய கெளம்புன எம் மவன்கிட்ட ‘கிதர் ஜாத்தா ஹை’ன்னு இந்தியில கேட்டேன். தமிழ்ல கேட்டாத்தான் பதில் சொல்லுவேங்கான். அஞ்சு...” அவர் தயங்கினார். “அதை ஐயாகிட்ட எப்படிச் சொல்ல?”

“சும்மா சொல்லுமய்யா!”

“ஒழுகுற கூரைய மாத்தத் துப்பில்லாத போர்டெல்லாம் ஒரு போர்டான்னு பிள்ளைக முன்னாலேயே கேக்கா.”

அதுவரை புன்னகையை அடக்கிக்கொண்டிருந்த வானமாமலை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

“போர்டையா?”

லூர்து மேரி வராந்தாவில்தான் காத்திருந்தாள். ஒரு ஆர்டர் காகிதம் வாங்கிப் போக அன்று வானமாமலைதான் அவளை வரச் சொல்லியிருந்தார். அவர் கூப்பிட்டதும் உள்ளே வந்தவள், மழையில் நனைந்த முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள்.

“இவா சொல்றதெல்லாம் நிஜமா?”

“நெசந்தான் சார்.”

“போர்டைப் பத்திச் சொன்னது?”

“சொன்னேன் சார்.”

வானமாமலை டிராயரிலிருந்து ஒரு காகிதத்தை உருவினார். “இது என்ன தெரியுமோ? திங்கட்கிழமையிலேர்ந்து உன்னை மாட்டுங்கா ஸ்கூலுக்கு ஹெட்மிஸ்ட்ரஸா போட்ட ஆர்டர்! அங்கே படிக்கிறதெல்லாம் ஆபீஸர் வீட்டுக் குழந்தைகள். ஒரு அப்பாவை நீ பெஞ்சு மேல ஏத்தினா, மறுநாளே நான் இந்த நாற்காலியை விட்டு இறங்கணும்!”

காகிதம் நான்காகக் கிழிந்தது. அவருடைய கோபம் அதோடு தீரவில்லை.

“மாட்டுங்காவும் வேண்டாம், தாராவியும் வேண்டாம். வேலையை விட்டே எடுத்துடறேன்!”

பிச்சையாவின் வாய் திறந்தபடியே நின்றது. லூர்து மேரியின் முகம் வெளுத்தது. சண்முகவடிவுதான் முந்திக்கொண்டு மேஜையைப் பிடித்தாள்.

“ஐயா, அது மட்டும் வேண்டாம்! ஒருத்தி பொழைப்புல மண்ணள்ளிப் போட்ட பாவம் எங்களுக்கு எதுக்கு? எங்க தலையெழுத்து... நாங்களே வச்சிச் சீரழியுதோம்!”

“ஆமா சாப், பொறுத்துக்கிடுதோம்,” என்றார் சலாவுதீன்.

வானமாமலைக்கு நெஞ்சு இளகிவிட்டது. இவ்வளவு அவதிப்பட்டும் எவ்வளவு பெரிய மனசு! மெல்ல உட்கார்ந்தார்.

“சரி, அங்கேயே கிடக்கட்டும். இனிமே இவளுக்கு எந்த ஸ்கூலுக்கும் மாற்றல் கிடையாது. உங்களைப் பாத்தாத்தான் பாவமா இருக்கு. போர்டு உங்களுக்கு ஏதாவது செய்யணும். கூரையை மாத்த இந்த வாரமே ஆள் அனுப்பறேன், போங்கோ.”

மூன்று பேரும் கும்பிட்டார்கள். சாவு விழுந்த துட்டி வீட்டுக்குப் போய்த் திரும்புகிறவர்கள் மாதிரி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியிறங்கினார்கள். பத்தடி பின்னால் லூர்து மேரி வந்தாள். 

தெருமுனை திரும்பியதும் பிச்சையா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

“டீச்சரம்மா, மன்னிச்சிக்கிடுங்க. உங்களை அவ, இவன்னு பேசி நாக்கே கூசிட்டு.”

“அது கெடக்கட்டும் அண்ணாச்சி,” என்றாள் லூர்து மேரி. “மாட்டுங்கா ஆர்டரைக் கிழிக்க வைக்கணும்னு நான் உக்காந்து என் மேல ஆறு குத்தம் எழுதிக் குடுத்தா, நீங்க அஞ்சோட நிறுத்திட்டீகளே! கரும்பலகை இல்லாமக் கரியால எழுதிச் சுவரைப் பூரா நாசம் பண்ணுதான்னு ஆறாவதையும் ஒப்பிச்சிருந்தா, கூரையோட பலகையும் சேந்து வந்திருக்கும்லா!”