முதுகில் படும் காற்று

வேலூரில் கத்திரி வெயில் கொளுத்திய அந்தப் பகலிலும் தமயந்தியின் வீட்டில் மின்விசிறி ஓடவில்லை. கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் விளங்காமல் போன அவள் கணவன் எத்திராஜின் இடுப்பில், கரப்பான்பூச்சியின் நரம்பைப் பார்த்துச் செய்த மின்னணுச் சில்லு ஒன்றை வைத்திருந்தார்கள். அவன் மறுபடி நடந்தான். ஆனால் முதுகில் காற்றுப் பட்டால் போதும், செருப்படிக்குத் தப்பும் கரப்பான் மாதிரி கால்கள் அவனை இழுத்துக்கொண்டு ஓடிவிடும்.

"போகப் போகப் பழகிடும்மா" என்றார்கள் ஆஸ்பத்திரியில். யாருக்கு என்று சொல்லவில்லை.

அவனுக்குப் பின்னால் நின்று அவள் தும்முவதில்லை, புடவையை உதறுவதில்லை. அன்று துணி துவைத்து நிமிர்ந்தவள், அவன் எதிரே முதுகு காட்டி நிற்பதை மறந்து, ஒரு பெருமூச்சு விட்டுவிட்டாள். கால்கள் பாய்ந்தன. தெருக்கோடி மாவு மில்லின் இருட்டு மூலையில் ஒடுங்கி நின்றவனைத் தேடிப் பிடித்தாள். முழங்காலில் ரத்தம்.

"நான் ஓடலடி. காலுதான் ஓடிச்சி."

"தெரியும்யா, வா." அவள் குரலில் கோபம்கூட மிச்சமில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் உட்காரவில்லை. சுவரில் முதுகை அழுத்தி ஒட்டிக்கொண்டு நின்றான்.

"ஃபேனப் போடு."

பயந்துகொண்டே போட்டாள். கால்கள் அசையவில்லை.

"இப்ப பெருமூச்ச விடு தமயந்தி. எவ்ளோ நாளா உள்ளயே அடக்கி வெச்சிருக்கே. மொத்தத்தையும் விட்டுடு. நான் இங்கயேதான் நிப்பேன்."