கடைசிக் கையெழுத்து

அந்தப் பெண்மணி வரிசை மாறி வந்து நிற்கிறாள் என்றுதான் வெண்டல் முதலில் நினைத்தான்.

"ஏங்க, சோள ரொட்டிக்கு வரிசை அந்தப் பக்கம். இது ஆர்வில் மல்லின்ஸ்கிட்ட கையெழுத்து வாங்குற வரிசை."

"தெரியும்" என்றாள் அவள், திரும்பாமலே.

தெரியுமாம்! கையில் ஓர் இசைத்தட்டு இல்லை, ஒரு புகைப்படம் இல்லை. நீல மழைக்கோட்டின் பைகளுக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு சேற்றில் நின்றிருந்தாள். அறுபதை நெருங்கும் வயது. வெண்டலுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கச்சேரி முடிந்ததும், தோல் போர்த்திய தன் பாஞ்சோ வாத்தியத்தை எடுத்துவர வண்டிக்கு ஓடிய அந்த ஐந்து நிமிடத்தில்தான் இவள் முன்னால் வந்து நின்றிருந்தாள்.

டேட்டன் நகரத்திலிருந்து ஏழு மணி நேரம் மழையில் வண்டி ஓட்டிக்கொண்டு இந்த வர்ஜீனியா மலைக்கு வந்திருந்தான். முப்பத்தொரு வருடமாக இசைத்தட்டில் மட்டுமே கேட்டவரை இன்றுதான் நேரில் பார்த்தான். எண்பத்தாறு வயது மனிதரை இரண்டு பேர் கைத்தாங்கலாக மேடைக்குக் கூட்டி வந்தார்கள். பாஞ்சோ மடிக்கு வந்த மறுகணம் அவருடைய கை நடுக்கம் போன இடம் தெரியவில்லை. வலது கையின் மூன்று விரல்களும் கம்பிகளில் பாய்ந்த வேகத்தில் மொத்தப் புல்வெளியும் எழுந்து நின்று கத்தியது. பக்கத்தில் இருந்த கிழவர் தொப்பியைக் கழற்றிவிட்டு வாய்விட்டு அழுதார்.

இந்த நீலக் கோட்டுக்காரியையும் அங்கேதான் பார்த்தான். முதல் வரிசை நாற்காலி. ஒரு தடவைகூட அவள் கை தட்டவில்லை.

வரிசை நத்தையாய் நகர்ந்தது. விழாக்குழுவைச் சேர்ந்த ஒருத்தி குடையோடு வந்து தலைகளை எண்ணினாள்.

"ஐயாவுக்கு முடியலைங்க. இந்த நீலக் கோட்டு அம்மாதான் கடைசி. பின்னாடி நிக்கிறவங்க மன்னிக்கணும்."

"அடக் கடவுளே!" என்று வெண்டல் அலறிவிட்டான். "என்னை ஒருத்தனை மட்டும் சேத்துக்கங்களேன். பாஞ்சோத் தோல்ல ஒரு கிறுக்கல் போதும்."

"எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. அவருக்கு மூச்சு வாங்குதுங்க." அவள் போய்விட்டாள்.

வெண்டல் நீலக் கோட்டின் பக்கம் குனிந்தான். கோபத்தை விழுங்கிக்கொண்டு குரலைத் தணித்தான்.

"அம்மா, உங்ககிட்ட கையெழுத்து வாங்க ஒரு காகிதம்கூட இல்ல. இடத்தை எனக்கு விட்டுக் குடுங்களேன். புண்ணியமாப் போகும்."

"முடியாதுங்க."

"அவர் பாட்டு ஒண்ணாவது முழுசாத் தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. எங்க வீட்டுல அந்தப் பாட்டெல்லாம் போட மாட்டாங்க."

பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். வெண்டலுக்குத் துணை கிடைத்த தைரியம் வந்தது.

"சரி, அதை விடுங்க. அவரோட இடது கை சுண்டுவிரல் ஏன் கோணலா இருக்கு? அதையாவது சொல்லுங்க பாப்போம்."

"கதவுல மாட்டிக்கிச்சு. சமையல்கட்டுக் கதவு. கோவத்துல அறைஞ்சு சாத்திட்டுப் போனப்ப."

வெண்டல் சிரித்தேவிட்டான். பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"நிலக்கரிச் சுரங்கத்துல பாறை விழுந்து நசுங்குன விரலுங்க அது! பதினேழு வயசுல! அந்த விரலை வெச்சுக்கிட்டுத்தான் இத்தனை பேரை அழ வெச்சாரு. இங்க நிக்கிற சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்."

"அவர் அப்படித்தான் சொல்றாரா?" என்று அவள் கேட்டாள்.

"யார்கிட்ட போய்ப் பேசுறேன் நான்!" வெண்டல் தலையில் அடித்துக்கொண்டான். "என் கல்யாணத்துல வாசிச்சது அவர் பாட்டு. பெண்டாட்டி செத்தப்புறம் என்னைத் தூக்கி நிறுத்துனதும் அவர் பாட்டுதான். உங்களுக்கு அவர் என்னம்மா செஞ்சாரு?"

அவள் முதன்முறையாக முழுசாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"ஒண்ணும் செய்யல."

"அப்புறம் எதுக்கு மழையில நிக்கிறீங்க?"

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள். வரிசை நகர்ந்துவிட்டது. அவள் முன்னால் இப்போது மேசைதான் இருந்தது.

வெண்டல் வரிசையோரம் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். இரண்டு எட்டு தூரத்தில் ஆர்வில் மல்லின்ஸ்! வெள்ளைத் தொப்பி, சுருங்கிப்போன கழுத்து, மேசைமேல் நடுங்கும் அந்தக் கை. இவ்வளவு கிட்டத்தில் வந்தும் தனக்குக் கொடுத்துவைக்கவில்லையே என்று பொருமினான்.

கிழவர் தலை நிமிராமல் கையை நீட்டினார். "எதுலம்மா எழுதணும்?"

அவள் மேசையில் கிடந்த நிகழ்ச்சி நிரல் ஒன்றை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"யார் பேர் போடட்டும்?"

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேனா காகிதத்துக்கு மேலே காத்திருந்தது. குடைக்காரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

வெண்டலால் பொறுக்க முடியவில்லை. "பேரைச் சொல்றதுக்கு இவ்வளவு யோசனையா? அவரைக் காக்க வைக்காதீங்கம்மா!"

கிழவர் கையை உயர்த்தி அவனை அமர்த்தினார். பிறகு நிமிர்ந்து, எல்லாருக்கும் சிரிக்கிற அதே சிரிப்பை அவளுக்கும் சிரித்தார்.

"கூச்சப்படாதம்மா. உன் பேர் என்ன?"

"நீங்க வெச்ச பேர்தான்ப்பா."