எழுத்தாக இறங்கியது

கீபோர்டு வாசிப்பவர் அன்றைக்கு வரவில்லை. அதனால் ஜெபக்கூடத்தில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டும் எஸ்கலின்தான் இசையையும் கணினியிலிருந்து போட வேண்டும். இசைக்கோப்பைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. எழுத்துக் கோப்புகளைக் காட்டும் நோட்பேட் திறந்துகொண்டு, பெரிய திரை முழுக்கச் சதுரங்களும் கொக்கிகளும் உடைந்த எழுத்துகளும் எறும்புப் புற்றைக் கலைத்ததுபோல் சிதறின. முந்தின நாள் வரிகளைத் திறக்கும் அவசரத்தில், அதே பெயரிலிருந்த இசைக்கோப்பைத் தொட்டு, எப்போதும் நோட்பேடிலேயே திறக்கும்படி டிக் போட்டது அவளேதான். சபை எழுந்து நின்றது. முன்வரிசையில் தையல்காரர் ஏசுவடியான் இரு கைகளையும் உயர்த்தி, "ஸ்தோத்திரம்! அந்நிய பாஷை எழுத்தாவே இறங்கிருச்சு!" என்றார், ஜெபத்தில் ஆவி இறங்கியவர்கள் பேசும் புரியாத மொழியை நினைத்து. பாஸ்டரின் மருமகன், "தள்ளுங்க சிஸ்டர், நான் பாக்குறேன்" என்று எழுந்து வந்தான். அவள் உட்கார்ந்திருந்த கணினி நாற்காலிமேல் அவனுக்கு ரொம்ப நாளாக ஒரு கண். "உக்காருங்க பிரதர்" என்றாள், திரும்பிப் பார்க்காமல். திரையிலிருந்த அம்புக்குறியை நகர்த்தி, கோப்பைத் திறக்கும் செயலிகளின் வரிசையில் பாட்டுப் போடும் செயலியைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும்' என்ற கட்டத்தில் அழுத்தி ஒரு டிக் போட்டாள். டிரம்மும் கிட்டாரும் தகரக் கூரையை அதிரவைத்தன. சபையே கைதட்டிப் பாடியது. மருமகனும் பாதி வழியில் நின்றபடியே தட்டினான். பாட்டு முடிந்து எஸ்கலின் நிமிர்ந்தபோது, ஏசுவடியான் கண்ணாடியைத் துடைத்தபடி பக்கத்தில் நின்றிருந்தார். "ஏம்மா அதுக்குள்ள அந்த எழுத்தை எடுத்துட்டே?" என்றார். "பாதிதானே வாசிச்சிருந்தேன்."