முதலாளி நீட்டிய கால்

உப்பளத்து முதலாளி ஜவாஹிர் ஹாஜியார், டொக்டர் பெண்ணின் முகத்துக்கு நேரே காலை நீட்டிக்கொண்டிருக்கிறார் என்று ஜுனைதாவிடம் முதலிற் சொன்னவள், அவளோடு உப்பு அள்ளும் அக்கீலா.

"கதிரையில சாஞ்சுகிட்டு உள்ளங்காலக் காட்டுறார் ராத்தா. எழும்பிப் போறார், திரும்பியும் வந்து நீட்டுறார். சனமெல்லாம் பாத்துக்கிட்டு நிக்கிது."

"கல்லாவும் அவர்ட, கதிரையும் அவர்டதானே" என்றாள் ஜுனைதா.

படித்தவர்கள் பக்கம் காலை நீட்டலாகாது என்று வளர்க்கப்பட்டவள் அவள். அதனாலேயே உப்பளத்துக்கு வந்து தங்கியிருந்த நடமாடும் கிளினிக்கின் பக்கம் அவள் போகவில்லை. இடது உள்ளங்காலில் ஒரு கறுப்புத் திட்டு எட்டு மாதமாகப் படர்ந்துகொண்டிருந்தது. உப்புப் புண்தான் என்று தேங்காயெண்ணெய் தடவி, நொண்டியபடியே வேலைக்குப் போய்வந்தாள். உப்பளத்தில் யாருடைய கால்தான் முழுதாக இருக்கிறது?

"அவர் நீட்டலாமெண்டா நான் நீட்டினா என்ன?"

வீம்போடு போய் அதே கதிரையில் அமர்ந்தாள். காலை நீட்டும்போது மட்டும் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

டொக்டர் ஸபீனா பேனா போன்ற கருவியொன்றைத் திட்டின்மேல் வைத்தார். தோலுக்குள் போய்த் திரும்பிய ஒளியைக் கருவி பகுத்து, திரையில் வளைகோடாக வரைந்தது. பக்கத்திலிருந்த நல்ல தோலிலும் வைத்துப் பார்த்தார். இரண்டு கோடுகளும் ஒத்துப்போகவில்லை.

"இது உப்புப் புண் மாதிரித் தெரியல்ல, ராத்தா. வெளிச்சம் சந்தேகத்தைத்தான் சொல்லும். சின்னத் துண்டொண்டு எடுத்துச் சோதிச்சாத்தான் முடிவு. சுணங்க வேணாம்."

முடிவு வந்தது. தோற் புற்றுநோய், ஆனால் ஆழம் போகவில்லை. முழுவதையும் வெட்டியெடுத்தார்கள்.

ஆறாம் மாதம், ஆறிய காலில் ஊன்றி, நொண்டாமல் நடந்து காட்டினாள் ஜுனைதா. ஸபீனாவின் முகம் மலர்ந்தது.

"ஒண்டும் மிச்சமில்ல. இனி ஓடலாம்."

"அல்ஹம்துலில்லாஹ். அண்டைக்கு அந்த ஹாஜியார்ட திமிரப் பாத்து வந்த கோவத்திலதான் டொக்டர் நானும் வந்தன்."

ஸபீனா கையுறையைக் கழற்றினார்.

"அவர்ட காலை முதல்நாளே பாத்து முடிச்சிட்டேன், ராத்தா. அதில ஒண்டுமில்ல. 'நொண்டி நொண்டி உப்பள்ளுற புள்ள ஒண்டு இரிக்கி. கேட்டா காலை மறைக்கிது, வற்புறுத்தினா வேலையை விட்டுட்டுப் போயிரும். நான் எல்லாருக்கும் முன்னால நீட்டுறன், சனம் ஏசட்டும். அந்தப் புள்ளைக்கு வெக்கம் விட்டுப் போகணும்' எண்டார். நீங்க வந்து இருக்கும்வரைக்கும் ஏழு தரம் நீட்டினார்."