யார் போனில்?

“வண்டி எங்க நிக்குதுன்னு என் போன்ல தெரியுமா?”

தனபால் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

ஒரு சார்ஜில் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்று அவன் கேட்கவில்லை. பேட்டரிக்கு எத்தனை வருஷம் உத்தரவாதம் என்று கேட்கவில்லை. தேங்கிய மழைத்தண்ணீரில் போகலாமா என்றுகூடக் கேட்கவில்லை.

அவள் கணவன் பக்கம் திரும்பவில்லை. சிவப்புக் காரின் கதவில் கை வைத்தபடி நின்றாள்.

“தெரியுங்க சார்,” என்றாள் ஷோரூம் பெண். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் கௌசிகா என்று இருந்தது. “எங்க நிக்குது, என்ன வேகத்துல போகுது, எத்தனை மணிக்குக் கதவு திறந்துச்சு, எல்லாமே ஆப்ல வந்துருமுங்க.”

“தினமும் போற வழிய விட்டு வேற பக்கம் போனா?”

“எல்லை போட்டு வச்சுக்கலாங்க. தாண்டினா மெசேஜ் வரும்.”

அவன் தலையாட்டினான். முகத்தில் ஒரு நிம்மதி.

போன புதன்கிழமைதான் இந்தப் பேச்சை எடுத்தான். “வடவள்ளியில இருந்து சூலூருக்கு ரெண்டு பஸ் மாறிப் போற. உனக்குன்னு ஒரு கார் எடுத்துரலாம். கரண்ட் வண்டி. சின்னதா, உயரமா, ஓட்ட லேசா இருக்கும்.”

ஒன்பது வருஷமாக அவள் ஸ்கூட்டி கேட்டிருக்கிறாள். விழுந்து வைப்பாய் என்று ஒன்பது வருஷமும் சொன்னவன் அவன்.

அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை. சந்தோஷத்தில் என்று அவன் நினைத்துக்கொண்டான்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான், திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு, மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் அவனுடைய சித்தப்பா மகன் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள். சூலூர் மருத்துவமனையில் அவள் நோயாளிகளுக்கு நடை பழக்கிக்கொண்டிருக்க வேண்டிய நேரம்.

தனபால் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா? தெரியவில்லை. மேட்டுப்பாளையத்தில் அவள் தங்கை இருக்கிறாள். வேறு சாதியில் கட்டிக்கொண்டாள் என்று இரண்டு வீடும் தலைமுழுகிவிட்ட தங்கை. பிறந்து இருபது நாளான பிள்ளையைக் குளிப்பாட்டிவிட அங்கே ஆளில்லை.

அவன் கேட்கவில்லை. கார் வாங்கித் தருகிறான்.

“நீங்களே ஓட்டிப் பாருங்க மேடம்.”

கல்யாணத்துக்கு முன்பே கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் எடுத்திருந்தாள். அவினாசி சாலையில் வண்டி இறங்கியது. கிளம்பியதே தெரியவில்லை, அப்படி ஒரு அமைதி. பக்கத்தில் தனபால். பின்னால் கௌசிகா.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள். பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுத்தாற்போல வண்டி தளர்ந்தது.

அவள் திடுக்கிட்டாள்.

“பயப்படாதீங்க மேடம். கால எடுத்தா அதுவே வேகத்தக் குறைச்சுக்கும். அந்தச் சக்தி பேட்டரிக்குத் திரும்பப் போகுது. இழுவை வேண்டாம்னா கம்மி பண்ணிக்கலாம்.”

கம்மி பண்ணினாள். வண்டி தன்பாட்டுக்கு ஓடியது.

இருக்கை உயரம். முன்னால் போகிற கார்களின் கூரை தெரிந்தது. அதற்கும் அப்பால் சாலை தெரிந்தது. இப்படியே போய்க்கொண்டிருக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது.

அவன் சாலையைப் பார்க்கவில்லை. நடுத்திரையில் நகர்ந்துகொண்டிருந்த நீலப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்ததும் அவள் கேட்டாள்: “கீழ் மாடல்ல இந்த ஆப்பெல்லாம் இருக்குங்களா?”

“இல்லைங்க மேடம். சாவி மட்டும்தான். தினசரி ஓட்டத்துக்கு அதுவே தாராளம்.”

“மேல் மாடலே போடுங்க,” என்றான் தனபால். பிறகு அவளிடம், குரலைத் தாழ்த்தி, “உன் பாதுகாப்புக்குத்தான்.”

அவள் மேசைமேல் இருந்த கலர் அட்டையைப் புரட்டினாள்.

“கலர் நீயே சொல்லு.”

“ஊருக்குள்ள நிறைய ஓடறது எந்தக் கலருங்க?”

“வெள்ளைங்க மேடம்.”

“அதுவே இருக்கட்டும்.”

வண்டி அவள் பெயரில்தான். பெண்கள் பெயரில் என்றால் வட்டியில் சலுகை உண்டு என்று தனபாலே விசாரித்து வைத்திருந்தான். கௌசிகா படிவங்களோடு வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“ஆப்பையும் இப்பவே பதிஞ்சுரலாங்க. முதல் ஆளு ஒருத்தர்தான். அவங்க விட்டாத்தான் மத்தவங்க பார்க்க முடியும். யார் போன்ல போடட்டுங்க?”

“என் போன்ல.”

“சரிங்க சார். ஓடிபி மட்டும் வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களுக்குத்தான் வரும்.”

அவன் ஆப்பை இறக்கினான். ஆறு கட்டங்கள் திறந்தன. கட்டைவிரலைத் தயாராக வைத்துக்கொண்டான்.

அவள் மடியில் போன் அதிர்ந்தது.

ஆறு எண்கள். பளிச்சென்று.

கௌசிகாவின் பார்வையும் அந்த வெளிச்சத்தில் விழுந்தது.

“வந்துச்சா?”

அவள் போனைக் கவிழ்த்தாள்.

“இன்னும் வரலைங்க.”

தனபால் அவளைப் பார்த்தான். பிறகு கௌசிகாவை. “நீங்க அனுப்பிட்டீங்களா இல்லையா?”

கௌசிகா படிவத்தின் ஓரத்தை நீவிவிட்டாள்.

“மத்தியானம் ஆச்சுன்னா சர்வர் இப்படித்தாங்க சார், படுத்துக்கும். மேடம் அப்புறமா நிதானமாப் போட்டுக்கட்டும்.”

“அதெப்படி?” அவன் மேசைக்கு மேல் கையை நீட்டினான். “போனக் குடு, பார்ப்போம்.”

நீட்டிய கை காத்திருந்தது.

அவள் போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். பேனாவை எடுத்தாள்.

“எங்கெல்லாம் கையெழுத்துப் போடணுங்க?”

“இங்க மேடம். அடுத்த பக்கத்துலயும்.”

உரிமையாளர் என்று அச்சிட்டிருந்த இடத்தில், அவசரமில்லாமல், முழுப் பெயரையும் எழுதினாள்.