லெட்டியின் சட்டைத் துண்டு

பருத்தித் தோட்டத்து முதலாளி, ஓடிப்போன அடிமைப் பெண் லெட்டியின் சட்டையைக் கிழித்து வேட்டை நாயின் மூக்கில் வைத்து அழுத்தினார். வாசனை மறக்காமலிருக்க, துண்டைக் கழுத்துப்பட்டையில் சொருகிவிட்டார். நாய் பாய்ந்தது.

"யார் வாசனைன்னு தெரியுதா?" என்று சட்டைத் துண்டு கேட்டது.

"தெரியாம என்ன? என் கால்ல குத்தின முள்ளை எடுத்துவிட்டவ."

"அவளையா பிடிக்கப் போற?"

"சும்மா வா. முதலாளி விலை கொடுத்து வாங்கினவ. சட்டமே அப்படித்தான் சொல்லுது."

"அந்தச் சட்டமே கூடாதுன்னு ஆத்துக்கு அக்கரையில போராடுறாங்களாமே? உன்னையும் விலைக்குத்தானே வாங்கினாரு?"

"நான் வேற. நான் வீட்டுக்குள்ள கம்பளத்துல படுக்கிறவன்."

ஆற்றங்கரை வந்தது. அக்கரையில் அடிமை முறை கிடையாது. இக்கரை நாணலுக்குள் லெட்டி மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தாள். குரைக்க வாயைத் திறந்த நாய், முள்ளெடுத்த அந்தக் கை நாணலைப் பற்றியிருப்பதைப் பார்த்தது. வாயை மூடிக்கொண்டது. லெட்டி ஆற்றில் இறங்கி நீந்தினாள்.

நாய்க்குத் திரும்பிப் போகக் கால் வரவில்லை. பொழுது சாயும்வரை கரையிலேயே இங்கும் அங்கும் நடந்தது.

"வெறுங்கையோட போனா என்ன பண்ணுவாரு? வாசனை தண்ணியில போயிடுச்சுன்னு சொன்னா நம்புவாரா? என்மேல அவருக்குப் பிரியம்தான், இல்லையா?"

சட்டைத் துண்டு பதில் சொல்வதற்குள் மேட்டில் குரைப்புச் சத்தம் கேட்டது. நாய் நிமிர்ந்து பார்த்தது.

முதலாளி குனிந்து, அது படுக்கும் கம்பளத்தை இன்னொரு நாயின் மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார்.