இலுப்பைக்குள் ஒரு ஆணி

தேர்ச்சக்கரத்துக்கு அறுபடும் இலுப்பையிலிருந்து செந்நிறத்தூள் கொட்டிக்கொண்டிருக்கிறது. குழிக்குள் நின்று ரம்பத்தை இழுக்கும் உத்திராபதியின் மார்பில் திடீரென்று கருநீலத்தூள் விழுகிறது. அவன் கை நின்றுவிடுகிறது. உள்ளே இரும்பு இருந்தால்தான் இந்த மரம் இப்படிக் கறுக்கும். எமர்ஜென்சி வந்த வருஷம் அவன் பெண்டாட்டி காத்தாயிக்குப் பேய் பிடித்தது. பூசாரி அவள் உச்சிமுடியை அறுத்து, ஆணியில் சுற்றி, இதே மரத்தில் அடித்தார். பிடுங்கினால் பேய் திரும்பிவிடும் என்றார். புயலில் சாய்ந்த மரத்தைக் கோயிலுக்குக் கொடுத்தபோது அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை, அவனுக்கும்கூட.

"என்ன மாமா, நின்னுட்டீங்க?" என்று மேலே நிற்கும் காத்தாயியின் தம்பி செல்லமுத்து கேட்கிறான். குழியிலிருந்து ஏறி வந்த உத்திராபதி, கறுத்த இடத்தை உளியால் கொத்துகிறான். துருப்பிடித்த ஆணித்தலை தெரிகிறது. அதைப் பார்த்ததும் செல்லமுத்துவின் முகம் வெளுக்கிறது. "அப்படியே அறுத்துருவோமா?"

"ரம்பத்துப் பல்லு மொத்தமும் போயிரும்டா."

உத்திராபதி குறட்டை எடுக்கிறான், ஆனால் ஆணியில் வைக்கவில்லை. கூழ்ச்சட்டியோடு வந்த காத்தாயி இருவரையும் பார்க்கிறாள், ஆணியையும் பார்க்கிறாள்.

"கிட்ட வராத!" என்று உத்திராபதி கத்துகிறான்.

அவள் சட்டியை இறக்கிவைத்துவிட்டுக் குறட்டை வாங்குகிறாள். பச்சைமரம் கிறீச்சிட்டு ஆணியை விடுகிறது. இரண்டு ஆண்களும் மூச்சுவிடாமல் அவள் முகத்தையே பார்க்கிறார்கள். அவள் ஆணியில் சுற்றிய முடியைப் பிரித்து, தன் நரைத்த சடையோடு வைத்துப் பார்க்கிறாள்.

"யப்பா, எம்புட்டுக் கறுப்பா இருந்திருக்கு!"